உளவாளி வீட்டுக்கு நீலப் பலகை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த பெண் உளவாளி ஒருவருக்கு லண்டனில் நீலப் பலகை வைத்திருக்கிறார்களாமே, யார் அவர்? (வாசகி, வேலூர்)

பதில்: நூர் இனாயத் கான். நீலப் பலகை என்பது பேர்பெற்றவர் வாழ்ந்த வீட்டுச் சுவரில் பதிக்கும் நினைவுப் பலகை. இவருடையது இருப்பது ப்ளூம்ஸ்பரி பகுதி, டாவிடன் தெரு, 4-ம் எண் வீடு. இரண்டாம் உலகப் போரில் எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பு 1943 ஜூனில் அவரை வயர்லெஸ் ஆபரேட்டராகப் பிரான்ஸுக்கு அனுப்பியது. அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டபோது வயது 30. வீரத்துக்கான பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் விருது 1949-ல் வந்தது. பலகை வர 2020 ஆகஸ்ட் ஆனது. கொரோனா காலம், அதனால் திறப்பு விழாவும் இணையத்தில்தான்.

கேள்வி: இப்படி ஒரு பலகைக்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: தாராளமாக. லண்டனில் இதை நடத்துவது இங்கிலீஷ் ஹெரிடேஜ் என்ற தொண்டு நிறுவனம். இறந்து 20 வருடம் ஆகியிருக்க வேண்டும். கட்டடம் அன்றிருந்தபடியே நிற்க வேண்டும், தெருவிலிருந்து பலகை கண்ணில் பட வேண்டும். ஒருவருக்கு ஒரு பலகைதான். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்; அவருக்குச் செலவு கிடையாது. நிராகரித்துவிட்டால் மறுபடி கேட்க 10 வருடம் காத்திருக்க வேண்டும், ஆகவே அரைகுறையாக அனுப்பாதீர்கள்.

உளவாளிகள் விஷயத்தில் இடறுவது புகழில் அல்ல, முகவரியில். பழைய முகவரி தேட உதவும் வாக்காளர் பட்டியலே 1940 முதல் 1944 வரை பிரிட்டனில் தயாரிக்கவில்லை. எஸ்.ஓ.இ. கோப்புகளில் பெரும்பகுதி மிஞ்சவில்லை. மிஞ்சிய ஆள்வாரிக் கோப்புகள் லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்.எஸ். 9 வரிசையில் இருக்கின்றன. இயற்பெயர், கணவர் வழிப் பெயர், போலிப் பெயர் மூன்றிலும் தேடுங்கள். எஸ்.ஓ.இ. உளவாளி கிறிஸ்டினா ஸ்கார்பெக்கை கிறிஸ்டின் கிரான்வில் என்றே பலரும் அறிவார்கள். முகவரி கிடைத்ததும் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்: தெருவுக்குப் பெயர் மாறியிருக்கும், கதவெண் மாறியிருக்கும், குண்டு விழுந்து வீடே புதிதாகக் கட்டியதாக இருக்கும். சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. கிரான்வில் பலகை இருக்கும் லெக்ஸம் கார்டன்ஸ் கட்டடம் அன்று ஹோட்டல். 1952-ல் அவர் கொலையானதும் அங்கேதான். லண்டன் ஸ்டாக்வெல் பர்ன்லி சாலையில் இன்னொரு எஸ்.ஓ.இ. உளவாளி வயலெட் சாபோவுக்கு 1981-லேயே பலகை வைத்துவிட்டார்கள்.

பரிந்துரையிலிருந்து பலகை சுவரேற இரண்டு மூன்று வருடம் ஆகும்.

கேள்வி: வெயிலிலும் மழையிலும் எழுத்து அழியாதா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: அழியாது, அது பெயின்ட் இல்லை. பலகை சுட்ட களிமண். குறுக்களவு 495 மில்லிமீட்டர், தடிமன் 50 மில்லிமீட்டர். வெள்ளை எழுத்தின் ஓரக்கோட்டை மருதாணிக் கோன் பிழிவதுபோலக் கையால் இழுத்து, பிறகு மெருகு பூசிச் சூளையில் வைக்கிறார்கள். தடவிப் பார்த்தால் எழுத்து மேடாக இருக்கும். களிமண் சூளையில் சுருங்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பெரிதாக வார்க்காவிட்டால் அளவு தவறிவிடும். முகப்பு லேசாகக் குவிந்திருப்பதால் மழைநீர் தங்காமல் வழிந்து, தூசியையும் கழுவிவிடும். ஆணியடித்து மாட்டுவதில்லை. சுவரைக் குடைந்து கலவையில் பதிக்கிறார்கள்.

கேள்வி: பலகை இருந்தால் வீட்டை இடிக்க முடியாதல்லவா? (வாசகி, சேலம்)

பதில்: இடிக்கலாம். பலகைக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இடிக்கவிடாமல் கட்டடத்தைக் காப்பது வேறொரு அரசுப் பட்டியல், அதற்கு அனுமதியும் தனி. 1867-ல் முதல் பலகை வாங்கிய கவிஞர் பைரனின் வீடே 1889-ல் இடிபட்டது.