யூரியா போட்டும் நெல் வெளுப்பது ஏன்?

யூரியா போட்டு எட்டு நாள் காயவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டியதும் பயிர் வெளுத்தது என்கிறீர்கள். அடி இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைதான். குருத்து வெளுத்தால் இரும்பு, கந்தகத்தைப் பாருங்கள்.

காய்ந்த மண்ணில் காற்று புகுந்ததும், யூரியாவிலிருந்து வந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி நைட்ரேட்டாகியிருக்கும். நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டைச் சுவாசித்து, நைட்ரஜன் வாயுவாக வெளியே விட்டுவிடும். சாக்கடை கலந்த ஏரியில் மிகையான நைட்ரேட்டைக் குறைப்பதால் இதே வேலை வரம், உங்கள் பணப்பைக்குத்தான் நட்டம்!

அம்மோனியம் நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்த, அடுத்த மேலுரத்துக்கு 5 கிலோ யூரியாவுக்கு 1 கிலோ பொடித்த வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வையுங்கள். நீரை வடித்துச் சேற்றில் தூவி, மறுநாள் 2 செ.மீ. தண்ணீர் கட்டுங்கள். பிறகு ஒரு வாரமாவது வயலைக் காய்ந்து வெடிக்க விடாதீர்கள்.