ஹைட்ரேஞ்சியா மறுநாளே தலை சாய்வது ஏன்?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். சாலையோரம் வாங்கிய நீல ஹைட்ரேஞ்சியாக்கள் ஜாடியில் வைத்த மறுநாளே துவண்டுவிட்டன. மீதியைத் தலைகீழாகக் கட்டிக் காயவைத்தேன். பழுப்பேறிச் சுருண்டுவிட்டன. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தவறவில்லை, விற்றவர்தான் ஏமாற்றிவிட்டார். இது வெட்டிய கையோடு தண்ணீரில் நிற்க வேண்டிய பூ. காம்பில் கசியும் பசை காய்ந்தால் தண்ணீர் ஏறும் வழி அடைபடும். தரகர்கள் சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்து, நீங்கள் பக்கத்தில் வந்ததும் தண்ணீர் தெளிப்பார்கள். பூவைப் பார்க்காதீர்கள், காம்பின் அடியைப் பாருங்கள். காய்ந்து கறுத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி என்று ஊரே திரளும் மலையில், வெட்டிய பூவை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தச் சொல்லித்தர ஆளில்லை!

சரி, வாங்கியாயிற்றா? இலைகளைக் கிள்ளிவிட்டுக் காம்பைச் சாய்வாக வெட்டுங்கள். நுனியை மட்டும் கொதிநீரில் 30 விநாடி பிடித்து, உடனே ஜாடிக்கு மாற்றுங்கள். துவண்ட பூவென்றால் முழுக்கொத்தையும் அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்துங்கள். இது இதழ் வழியாகவும் நீர் குடிக்கும்.

காயவைக்க இளம் பூ உதவாது. செடியிலேயே முதிர வேண்டும். நீலம் மங்கிப் பச்சையோ செம்மையோ படரும், விரலால் தடவினால் காகிதம் போலச் சரசரக்கும். அப்போது வெட்டி, ஜாடியில் இரண்டு அங்குலத் தண்ணீரில் நிறுத்துங்கள். வற்ற வற்ற ஊற்றக் கூடாது, தானாக வற்றட்டும். மழை மாதங்களில் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்பங்கரைப் பக்கம் வையுங்கள்.

இளம் பூ உதவாது என்பதற்கு ஒரே விதிவிலக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். மலர்ந்த பூவையும் அவை நிறத்தோடு உலர்த்தும். ஆனால் காற்றுப் புகாத டப்பா வேண்டும், மணிகளை இதழ்களுக்கு இடையே கரண்டியால் மெல்லச் சொரிய வேண்டும், மூடியை அடிக்கடி திறக்கக் கூடாது. ஒரு கொத்துக்கே நிறைய மணிகள் பிடிக்கும். சூடேற்றி உலர்த்தினால் அவற்றையே மறுபடி பயன்படுத்தலாம்.

‘காய்ந்த பூ’ என்று பளீர் நீலத்தில் விற்றால் பெரும்பாலும் சாயம். ஈரத்துணியால் ஓர் இதழைத் துடைத்துப் பாருங்கள்.

கடைக்கே போகாமல், வேலியோரம் செடி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். விடியற்காலையில் வாளித் தண்ணீரோடு போய், பருத்த மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அடுத்த வருடப் பூ அந்த மொட்டில்தான் இருக்கிறது.