பிண்ணாக்கைக் கூட்டியும் பால் ஏறவில்லை, கிணற்றுத் தண்ணீரும் கெட்டுவிட்டது. ஏன்?

கேள்வியில் அண்ணாச்சி கொடுத்திருக்கும் விவரம் சுருக்கமாக: திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிப் பக்கம் 5 கலப்பினக் கறவை மாடுகள், ஒவ்வொன்றும் சுமார் 400 கிலோ, நாளைக்கு 10 லிட்டர் பால். ஒரு மாட்டுக்குக் கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, தவிடு 3 கிலோ, கலப்புத் தீவனம் 2 கிலோ, வைக்கோல் 4 கிலோ, கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப் பசும்புல் 15 கிலோ. பிண்ணாக்கை ஒரு கிலோவிலிருந்து இரண்டாக்கியும் பால் கூடவில்லை. தொழுவத்துக்குள் போனால் கண் எரிகிறது. எருக்குழி ஓரத்துக் கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டிவிட்டது.

மூன்று கோளாறு மாதிரித் தெரிந்தாலும் இது ஒன்றுதான். அது ஆரம்பிப்பது எருக்குழியில் அல்ல, தீவனத் தொட்டியில்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடலைப் பிண்ணாக்கில் புரதம் சுமார் 45 சதம். 2 கிலோவில் 900 கிராம். தவிட்டில் 12 சதம், அது 360. கலப்புத் தீவனத்தில் 20 சதம் என்று வைத்தால் 400. புல் பச்சையாக 15 கிலோ இருந்தாலும் ஈரம் போக 3 கிலோதான், அதில் 270. வைக்கோல் எவ்வளவு தின்றாலும் 140ஐத் தாண்டாது. கூட்டினால் ஒரு மாட்டுக்கு 2,070 கிராம். 10 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு 1,400 கிராம் தாராளம். மிச்சம் 670 கிராமை மாடு சேர்த்து வைக்காது. ஈரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் அனுப்பிவிடும். புரதத்தை 6.25ஆல் வகுத்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்: ஒரு மாட்டுக்கு 107 கிராம், ஐந்துக்கும் அரைக் கிலோவுக்கு மேல். உரக்கடை யூரியாவில் தழைச்சத்து 46 சதம் என்பதால், இது தினமும் 1 கிலோ 160 கிராம் யூரியாவைத் தொழுவத் தரையில் கொட்டுவதற்குச் சமம். வருஷத்துக்கு 45 கிலோ மூட்டை ஒன்பதுக்கு மேல். பிண்ணாக்கு விலை கொடுத்து யூரியா வாங்குகிறீர்கள்!

பால் ஏறாததற்கும் காரணம் இதுதான். இந்த மாடுகளுக்குப் புரதம் குறையவில்லை, மாவுச்சத்து குறைகிறது. புரதத்திலிருந்து வரும் அம்மோனியாவை வயிற்று நுண்ணுயிர்கள் பிடித்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ள மாவுச்சத்து வேண்டும். அது இல்லையென்றால் அம்மோனியா ரத்தத்துக்குப் போகிறது. அதை யூரியாவாக மாற்றவும் மாட்டின் சக்திதான் செலவாகிறது. பாலைப் பரிசோதிக்க வழியிருந்தால் யூரியா நைட்ரஜனைக் கேட்டுப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 முதல் 16 மில்லிகிராம் வரை சரி. 20ஐ நெருங்கினால் புரதம் வீணாகிறது என்று பொருள். சினை ஊசி போட்ட மாடு சினை நிற்காமல் மறுபடி பருவத்துக்கு வருவதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

மாற்றிப் போட வேண்டிய அளவு, ஒரு மாட்டுக்கு: கடலைப் பிண்ணாக்கு அரைக் கிலோ, தவிடு ஒன்றரை, கலப்புத் தீவனம் அதே 2 கிலோ, உடைத்த மக்காச்சோளம் ஒன்றரை, கோ-4 புல் 25 கிலோ, வைக்கோல் 3 கிலோ. புரதம் 1,500 கிராம் அளவுக்கு வரும். புல்லை 45 நாளைக்கு ஒரு தடவை அறுத்துவிடுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் முற்றவிட்டால் தண்டு கட்டையாகி, எடைதான் இருக்கும், சத்து இருக்காது. பக்கத்தில் அரை சென்ட் இடம் இருந்தாலும் வேலிமசால் என்ற புரதம் மிகுந்த தீவனச் செடியை ஊன்றலாம். பிண்ணாக்கில் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும்.

மக்காச்சோளத்தை ரவைப் பதத்துக்கு உடைக்க வேண்டும். முழுசாகப் போட்டால் முழுசாகவே சாணியில் வரும். ஒரு கை சாணியைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினால் தெரிந்துவிடும்: மஞ்சள் மணிகள் மின்னினால் மெஷின்காரரிடம் இன்னும் சன்னமாகக் கேளுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் ஒன்றரைக் கிலோவையும் போட்டுவிடாதீர்கள், வயிறு புளித்து மாடு அசை போடாமல் நிற்கும். 200 கிராமில் ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் ஏற்றுங்கள்; காலை, மாலை என்று பிரித்து வையுங்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து கொட்டுகிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு, அதுவும் இதே வேலையைச் செய்யும், இன்னும் வேகமாக.

சாணி விழுகிற விதத்தையும் கவனியுங்கள். இப்போது தோசை மாவு மாதிரிப் பரவும், ஓரம் நிற்காது. சரியாகிவிட்டால் இரண்டு விரல் கனத்துக்கு அடை மாதிரி உட்காரும், நடுவில் சின்னக் குழி இருக்கும்.

தவிட்டைக் குறைக்கச் சொன்னது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகுந்துபோவதாலும்தான். அரிசித் தவிட்டில் அது ஒன்றரைச் சதம் அளவில் இருக்கிறது. 3 கிலோ தவிட்டிலேயே 45 கிராம் வந்துவிடும். இந்த மாட்டின் முழுத் தேவையே ஏறக்குறைய அவ்வளவுதான். மிச்சத் தீவனத்தில் இருப்பதெல்லாம் நேரே சாணியில் போகிறது. தழைச்சத்து போல இது காற்றிலும் போகாது, தண்ணீரிலும் சீக்கிரம் கரையாது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு, ஐப்பசி மழையில் அந்த மண்ணோடு வாய்க்காலுக்குப் போய், தண்ணீரில் மிதந்து படரும் அமலைச் செடிக்குத் தீனியாகும். கன்னடியன் கால்வாயானாலும் கோடகன் கால்வாயானாலும் மதகை அடைத்துக்கொண்டு கிடக்கிற பச்சைக்கு ஊரின் சாக்கடையோடு நம்ம தொழுவக் கழிவும் ஒரு பங்கு உரம் போடுகிறது. தவிடும் வைக்கோலும் மிகுந்த தீவனத்தில் உண்மையில் குறைவது சுண்ணாம்புச்சத்து. வைக்கோலில் இருக்கும் ஆக்சலேட் இருக்கிறதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் தாது உப்புக் கலவை 40 கிராமோடு சுண்ணாம்புக்கல் தூள் 30 கிராம் சேருங்கள்.

வைக்கோலை யூரியா போட்டு ஊறவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர், தார்ப்பாய் போட்டு மூடி 21 நாள்: முறை நல்ல முறைதான், ஆனால் பிண்ணாக்கும் பசும்புல்லும் இல்லாத சித்திரை, வைகாசிக்கு. உங்கள் மாட்டுக்கு இப்போது அதைக் கொடுத்தால் எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுதான்.

இனி தொழுவம். மூத்திரத்தில் உள்ள யூரியா தானாகச் சீக்கிரம் நாற்றமாவதில்லை. சாணியில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி பட்டதும்தான் சில மணி நேரத்தில் அம்மோனியாவாகிறது. ஆகவே இரண்டையும் சேரவிடக் கூடாது. தரைக்கு ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், பின்னால் ஒரு சாண் அகலத்தில் மூத்திரம் ஓடும் வடிகால், அதன் முனையில் மூடிய தொட்டி. காலையிலும் மாலையிலும் சாணியை முதலில் வழித்து எடுத்துவிட்டு, அப்புறம் கழுவுங்கள். எடுத்த எடுப்பில் குழாயைத் திறந்து அடித்தால் சாணி, மூத்திரம், தண்ணீர் எல்லாம் ஒரே குழம்பாகி, தொட்டியும் நிரம்பிவிடும். மாடு படுக்கிற இடத்தில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பினால் மூத்திரத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். நம்ம மாவட்டத்தில் அது கிடைக்காத பொருளும் இல்லை. நெடி குறைந்ததா என்று நின்றபடி முகர்ந்து பார்க்காதீர்கள். கன்றுக்குட்டியின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், அது மூச்சு விடுவது அங்கேதான்.

தொட்டியில் சேர்ந்ததை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து, சாயந்தரம் வாழைக்குப் பாசனத்தோடு விடலாம். வெயிலில் விட்டால் பாதி காற்றோடு போகும்.

எருக்குழியைக் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, தாழ்ந்த பக்கமாக மாற்றுங்கள். நம்ம பக்கம் அடியில் பாறை; தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிய குழித் தண்ணீர் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வர அதிக நாள் ஆகாது. தேரி என்ற செம்மணல் மேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம், மணல் எதையும் பிடித்து நிறுத்தாது. 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம் ஐந்து மாட்டுக்குப் போதும். அடியில் அரையடிக்குக் களிமண்ணை மிதித்துத் திமிசு போடுங்கள். சுற்றிலும் ஓரடி வரப்பு, மேலே பனை ஓலைப் பந்தல். குழி முழுக்கப் பரப்பாமல் ஒரு முனையிலிருந்து மூன்றடி மூன்றடியாக நிரப்பி, தரைக்கு மேல் ஒன்றரை அடி எழும்பியதும் சாணியும் மண்ணும் கரைத்துப் பூசிவிட்டால் நான்கைந்து மாதத்தில் மக்கிய எரு கிடைக்கும். நெடிக்கு சூப்பர் பாஸ்பேட் தூவச் சொல்வார்கள். உங்கள் சாணியில் மணிச்சத்து ஏற்கெனவே வழிகிறது, வேண்டாம்.

ஐந்து மாட்டுச் சாணி நாளைக்கு 100 கிலோவுக்குக் குறையாது. கிலோவுக்கு 40 லிட்டர் எரிவாயு என்ற கணக்கில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலத்துக்கு 50 கிலோ போதும். ஆனால் கலம் தழைச்சத்தை அழிப்பதில்லை, எரிவாயுவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வெளிவரும் கழிவைக் களத்தில் கொட்டிக் காயவைத்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், அதனால் ஈரமாகவே வயலுக்கோ குழிக்கோ போக வேண்டும். பிசான நெல் பருவத்துக்கு எரு அடிப்பவர்கள் கொட்டிய அன்றே உழுது மூடிவிடுவது நல்லது. குவியல் குவியலாக விட்டுவிட்டால் வடகிழக்கு மழை வந்து அள்ளிக்கொண்டு போகும்.

கிணறு உடனே தெளியாது. ஒன்றிரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சினால் தண்ணீர் வற்றும், நைட்ரேட் அப்படியே நிற்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் பால் பவுடர் கரைக்கக்கூட அதை எடுக்காதீர்கள்.