பெயிண்ட் கடையின் மாதக் கணக்கு: பேரேட்டில் எது எங்கே?

கே: புதிதாகத் திறந்த கடையில் கணக்கு எழுதுகிறேன் சார். 40,000 ரூபாய்க்குச் சரக்கு கடனில் வந்தது, 18% ஜிஎஸ்டியோடு பில் 47,200. மொத்தத்தையும் கொள்முதலில் எழுதலாமா?

ப: உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வது) எடுப்பவர் என்றால் கூடாது. கொள்முதலில் பற்று (டெபிட்) 40,000 மட்டும். உள்ளீட்டு சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) இரண்டிலும் தலா 3,600 பற்று. சப்ளையர் கணக்கில் 47,200 வரவு (கிரெடிட்). காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகள் திட்டம்) இருந்தால் வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை, முழுத்தொகையும் கொள்முதல்தான்.

கே: கலர் கலக்கும் மிஷினும் கொள்முதலா?

ப: இல்லை. விற்க வாங்கியதுதான் கொள்முதல். மிஷின் சொத்து.

கே: முதலாளி வீட்டுக்கு அடிக்க 4,000 ரூபாய் அடக்கத்தில் பெயிண்ட் எடுத்துப் போனார். விற்பனையில் போடு என்கிறார்.

ப: காசு வரவில்லை, பில்லும் இல்லை, அப்புறம் என்ன விற்பனை? எடுப்புக் கணக்கில் (முதலாளி சொந்தத்துக்கு எடுப்பதை எழுதும் கணக்கு) பற்று 4,720, கொள்முதலில் வரவு 4,000, உள்ளீட்டு வரியில் வரவு 720. இந்தக் கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொந்த உபயோகத்துக்குப் போன சரக்குக்கு உள்ளீட்டு வரி கிடையாது. முதலாளியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கே: 47,200 பில்லில் நசுங்கிய டின்களை வரியோடு 5,900க்குத் திருப்பி அனுப்பினோம். சீக்கிரம் பணம் கட்டியதால் 1,000 தள்ளினார்கள். சப்ளையர் கணக்கு எப்படி முடியும்?

ப: வரவுப் பக்கம் 47,200 இருக்கிறது. பற்றுப் பக்கம் கொள்முதல் திருப்பமும் அதன் வரியும் சேர்த்து 5,900, வங்கி 40,300, பெற்ற தள்ளுபடி 1,000. கூட்டிப் பாருங்கள், கணக்கு நேர். பில்லிலேயே கழித்து வருகிற வியாபாரத் தள்ளுபடிக்குத் தனிப்பதிவு வேண்டாம், நிகர விலையை எழுதினால் போதும்.

கே: இருப்பாய்வில் (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல்) 3,600 இடிக்கிறது. எங்கே தேடுவது?

ப: முதலில் 9ஆல் வகுங்கள். மீதியில்லாமல் போனால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 5,900ஐ 9,500 என்று எழுதினாலும் இதே 3,600தான் இடிக்கும். அகப்படாவிட்டால் பாதியாக்கி 1,800ஐத் தேடுங்கள், பற்றில் போகவேண்டியது வரவில் உட்கார்ந்திருக்கும். ஒரு சப்ளையர் கணக்கில் எழுத வேண்டியதை இன்னொருவர் கணக்கில் எழுதியிருந்தால் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. அதற்கு மாதாமாதம் சப்ளையரிடம் ஸ்டேட்மென்ட் வாங்கி ஒத்துப் பார்க்க வேண்டும்.