பஃபி பார்ப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கே: வேம்பயர்களை (ரத்தக்காட்டேரிகளை) வேட்டையாடும் பள்ளிக்கூடப் பெண் பஃபியின் கதையான ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ அமெரிக்க டிவி தொடரை ஆரம்பித்தேன். முதல் சீசன் ரொம்பப் பழசாகத் தெரிகிறது. நேராக இரண்டாவதுக்குத் தாவிவிடலாமா?

ப: தாவ வேண்டாம், பொறுக்கிப் பாருங்கள். 1997 மார்ச்சில், டிவி சீசன் பாதி ஓடிய பிறகுதான் டபிள்யூபி சேனல் இதை இறக்கியது. அதனால் முதல் சீசன் வெறும் 12 எபிசோட். பின்னால் வந்த ஆறும் தலா 22. முதல் சீசனில் 1, 2, 7, 12 கட்டாயம். பூச்சி டீச்சர் வரும் 4, கம்ப்யூட்டருக்குள் பேய் புகும் 8 இரண்டையும் விட்டால் நஷ்டமில்லை.

11-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். வகுப்பில் ஒரு பெண் கை தூக்குகிறாள், டீச்சர் கண்டுகொள்வதே இல்லை. தூக்கிய கை கண்ணெதிரே மங்கி மறைகிறது. யாரும் ஏறெடுத்துப் பார்க்காததால் நிஜமாகவே மறைந்துபோனவள் அவள். அவளுடைய பள்ளி ஆண்டு மலரில் ஆளுக்கு ஆள் ‘லீவை ஜாலியாகக் கழி’ என்றே எழுதியிருக்கிறார்கள். சொல்ல வேறெதுவும் இல்லாத ஒருத்திக்கு எழுதுகிற வரி. தொடர் முழுக்க இதே கணக்குதான்: பதினாறு வயதுக்காரிக்கு எது வலிக்குமோ அது அந்த வாரத்துப் பேயாக வந்து நிற்கும். இது பிடிபட்டால்தான் இரண்டாவது சீசனின் 13, 14 எபிசோடுகள் உலுக்கும்.

கே: நடு ராத்திரி என்கிறார்கள், திரையில் பட்டப்பகல். வேம்பயர் வெயிலில் எரிய வேண்டாமா?

ப: கோளாறு கதையில் இல்லை, பிரின்ட்டில். நீங்கள் பார்ப்பது 2014-இல் வெளிவந்த ஹெச்டி வடிவமாக இருக்கும். தொடரை ஃபிலிமில் எடுத்தார்கள் (முதல் இரண்டு சீசன் 16 மி.மீ.), ஆனால் எடிட்டிங், கிராஃபிக்ஸ், கலர் வேலையெல்லாம் சாதாரண வீடியோ டேப்பில் முடிந்தது. ஹெச்டிக்காக ஃபிலிமுக்குத் திரும்பியபோது அந்த வேலைகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. பகலில் எடுத்து நீல வண்ணம் ஏற்றி இரவாக்கிய காட்சிகள் சிலவற்றில் அந்த வண்ணம் விட்டுப்போயிற்று. பழைய டிவியின் 4:3 சட்டத்துக்கு அமைத்த காட்சியை அகலமான 16:9-க்கு விரித்ததில் ஓரத்தில் படக்குழுவினரே எட்டிப் பார்ப்பார்கள். வேறு இடங்களில் மேலும் கீழும் வெட்டியதில் நெற்றி காணாமல் போகும்.

தீர்வு, பழைய டிவிடி. வாங்குமுன் உறையில் 4:3 என்று இருக்கிறதா பாருங்கள். பிரிட்டனில் வந்த பதிப்பில் 4 முதல் 7 வரையான சீசன்கள் அகலத்திரை. டிவியில் ‘ஸூம்’, ‘ஸ்ட்ரெச்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள், இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் சரி. ஒரே விதிவிலக்கு 6-ஆம் சீசனின் 7-ஆவது எபிசோட். பாட்டாகவே ஓடும் அதை மட்டும் முதலிலிருந்தே அகலமாக அமைத்தார்கள்.

கே: பஃபியின் காதலனான வேம்பயர் ஏஞ்சலை வைத்துக் கிளைத்த ‘ஏஞ்சல்’ தொடரை எப்போது சேர்த்துப் பார்ப்பது?

ப: பஃபி 4-ஆம் சீசனும் ஏஞ்சல் 1-ஆம் சீசனும் 1999 அக்டோபர் 5 அன்று ஒரே இரவில் தொடங்கின. ஆகவே பஃபி ஒன்று, ஏஞ்சல் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பஃபி 4-இன் 3 முடிந்ததும் ஏஞ்சல் 1-இன் 3. 8 முடிந்ததும் அங்கே 8. பஃபியைப் போலவே வேம்பயர் வேட்டைக்காரியான ஃபெய்த்தின் கதையில்தான் எல்லோரும் வழுக்குவார்கள்: பஃபி 15, 16, அப்புறம் ஏஞ்சல் 18, 19, அதற்கப்புறமே பஃபி 20. மாறினால் ஏஞ்சல் ஏன் கோபமாக வந்து நிற்கிறான் என்றே புரியாது. அடுத்த ஆண்டு பஃபி 5-இன் 7-ஐயும் ஏஞ்சல் 2-இன் 7-ஐயும் ஒரே மூச்சில் பாருங்கள், 1900-இல் சீனாவில் நடக்கும் அதே இரவு இரண்டு பேர் கண் வழியாக வரும். பஃபி 6-இலிருந்து யூபிஎன் சேனலுக்குப் போய்விட்டதால் கலப்பு வெகுவாகக் குறைந்தது.

கே: மரக்குச்சியால் குத்தியதும் வேம்பயர் துணியோடு சேர்ந்து தூளாவது ஏன்?

ப: பிணத்தை அப்புறப்படுத்தும் காட்சி மிச்சம். பள்ளிக்கூடப் பெண் வாரா வாரம் பத்துப் பிணத்தைப் புதைத்துக்கொண்டிருந்தால் கதை எப்போது நகர்வது?

கே: வசனமே இல்லாத எபிசோட் எது?

ப: 4-ஆம் சீசனின் 10, ‘ஹஷ்’. 1999 டிசம்பர் 14 அன்று வந்தது. ஊரே குரலை இழந்துவிடுவதால், சுமார் 44 நிமிடத்தில் ஏறத்தாழ 27 நிமிடம் பேச்சே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொடருக்கு வசனகர்த்தாவுக்கான எம்மி (அமெரிக்க டிவி விருது) பரிந்துரை கிடைத்தது இதற்கு மட்டும்தான். போனை ஓரம் வைத்துவிட்டுப் பாருங்கள், காதால் தொடர முடியாது. வகுப்பறையில் பஃபியின் வழிகாட்டி ஜைல்ஸ் படம் வரைந்து புரஜெக்டரில் காட்டி விளக்குகிறார். பஃபி மரக்குச்சியால் குத்துவதுபோல் கையை ஆட்ட, மொத்தக் கூட்டமும் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு அவளையே வெறித்துப் பார்க்கும்.