பனிக்காலத்தில் யார் வந்தார், யார் போனார்: ஒரு ரெட் சாக்ஸ் ரசிகையின் கேள்வி பதில்

2025 நவம்பர் 1-ஆம் தேதி இரவு டொரோண்டோவில் பேஸ்பால் உலகத் தொடர் முடிந்தது. இனி பிப்ரவரி வரை மைதானத்தில் ஆட்டம் இல்லை. யாரை யார் எடுக்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்ற பேச்சு மட்டும்தான். அமெரிக்கர்கள் இந்தக் காலத்தைக் ‘கொதிக்கும் அடுப்பு’ என்பார்கள், குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிய பழைய நாட்களை நினைத்து. நான் 2003-இல் பாஸ்டனுக்குக் குடிவந்தேன். அன்றிலிருந்து ரெட் சாக்ஸ்தான் என் அணி. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் கிரிக்கெட் மட்டும் பார்ப்பவன். இங்கே ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாதா?

கிடையாது தம்பி. ஓர் அணி இளம் வீரரைத் தேர்ந்தெடுத்து வளர்த்தால், பெரிய லீக்கில் அவர் ஆறு ஆண்டு ஆடி முடிக்கும்வரை அவர் அந்த அணிக்குத்தான் சொந்தம். முதல் மூன்று ஆண்டு அணி கொடுப்பதுதான் சம்பளம். அதன்பின் ஒத்துவராவிட்டால் நடுவர்களிடம் போகலாம். ஆறு ஆண்டு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். யார் வேண்டுமானாலும் விலை பேசலாம். அதற்கு முன்பே ஆளை மாற்ற வேண்டுமென்றால் ட்ரேட்தான், ஆளுக்கு ஆள்.

செலவுக்கு உச்சவரம்பும் இல்லை. 2025-இல் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் ஓரிரு நாளில் முடிகிற ஏலத்துக்குப் பதிலாக மூன்று மாதம் நீள்கிற பேரமாக இது இருக்கிறது.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருந்து ஒரு யாங்கீஸ் ரசிகன். போன வருஷம் ஹுவான் சோட்டோ எங்களை விட்டுப் போனபோது உங்களுக்குக் கொண்டாட்டம்தானே?

ஒரு நாள் கொண்டாடினேன், மறைக்கவில்லை. 15 ஆண்டு, 76.5 கோடி டாலர் என்று நியூயார்க்கின் இன்னோர் அணியான மெட்ஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. பாஸ்டனும் அந்தப் போட்டியில் இருந்தது, கிடைக்கவில்லை. ஆனால் அதற்கடுத்த இரண்டு வாரத்தில் உங்கள் ஆட்கள் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிட்சர் (பந்து வீசுபவர்) மேக்ஸ் ஃப்ரீடை எட்டு ஆண்டுக்கு 21.8 கோடிக்கு எடுத்தார்கள். கோடி பெல்லிஞ்சரைச் சிகாகோ கப்ஸிடம் இருந்து வாங்கினார்கள். கோல்ட்ஷ்மிட்டை ஒரே ஆண்டுக்குப் பேசி முடித்தார்கள். சோட்டோவுக்கு ஈடாக இன்னொரு சோட்டோவைத் தேடாமல், இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

முடிவைப் பாருங்கள். சோட்டோ 43 ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி) அடித்தார், 38 பேஸ் திருடினார் (பேஸ் என்பது ஓடி அடைய வேண்டிய நிலை; பந்து அடிபடாமலே அடுத்த நிலைக்கு ஓடிவிடுவதுதான் திருட்டு). குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மெட்ஸ் 83 வெற்றியோடு பிளேஆஃப் வாசலில் நின்றுவிட்டது. யாங்கீஸ் 94 வென்றது, அதில் 19 ஃப்ரீடின் கணக்கு. அக்டோபரில் எங்களை வெளியேற்றியதும் நீங்கள்தான். எதிரி அணி என்றாலும் அந்தக் குளிர்கால வேலையை நான் மதிக்கிறேன்.

கேள்வி: பிட்சர் க்ரோஷேக்காக நாலு பிள்ளைகளைக் கொடுத்தது அதிகமில்லையா?

அன்றைக்கு எனக்கும் மனசு கேட்கவில்லை. கைல் டீல் 2023 இளம் வீரர் தேர்வில் முதல் சுற்றில் எடுத்த கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி). பிரேடன் மான்ட்கமரி 2024-இன் முதல் சுற்று. கூடவே மைட்ராத், விக்கல்மன் கொன்சாலெஸ். நான்கு பேரையும் சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு அனுப்பினோம். மைனர் லீக் (இளைஞர்கள் ஆடிப் பழகும் கீழ்நிலை லீக்) ஆட்டங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரி ட்ரேட் வீட்டுப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புவது போலத்தான்.

ஆனால் இடக்கை பிட்சர் ஒருவர் இப்படி வந்து எத்தனை காலம் ஆயிற்று! 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக்அவுட் (பந்துவீச்சாலேயே எடுத்த அவுட்). சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே 17 கோடிக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தமும் போட்டார்கள். இந்த ட்ரேடில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நான்கு பேரைக் கொடுத்து வாங்கியவரை இரண்டே ஆண்டில் சந்தைக்கு விட்டிருந்தால், கொடுத்ததும் போச்சு, வாங்கியதும் போச்சு.

செப்டம்பர் 30, யாங்கி ஸ்டேடியம், வைல்ட் கார்டு (பிளேஆஃபின் முதல் சுற்று) முதல் ஆட்டம். க்ரோஷே 117 பந்து வீசினார். இரண்டாம் இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் கொடுத்தபின் வரிசையாகப் பதினேழு பேரை அவுட்டாக்கினார். 3-1 என்று வென்றோம். அடுத்த இரண்டு ஆட்டமும் போய்விட்டது என்பது வேறு விஷயம். அந்த ஒரு ராத்திரிக்காகவே இந்த ட்ரேடை நான் ஏற்றுக்கொண்டேன். டீல் சிகாகோவில் நன்றாக ஆடுகிறார், அதுவும் எனக்குச் சந்தோஷமே.

கேள்வி: பிரெக்மனை எடுத்தது சரியா? அதனால்தானே டெவர்ஸ் போனார்?

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரெக்மனை எடுத்தது சரி. மூன்று ஆண்டு, 12 கோடி, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் விலகிக்கொள்ளும் உரிமை. பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில் கிடைத்தார். மூன்றாம் பேஸில் தடுப்பாட்டம், இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை, இரண்டுமே அணிக்குத் தேவையாக இருந்தன.

தப்பு நடந்தது வீட்டுக்குள். மூன்றாம் பேஸ் ரஃபேல் டெவர்ஸின் இடம். 2023 ஜனவரியில் பத்து ஆண்டுக்கு 31 கோடிக்கும் மேல் கொடுத்து, “நீதான் எங்கள் முகம்” என்பது போல நிறுத்திவைத்த ஆள். அவரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் “என் இடம் மூன்றாம் பேஸ்” என்று நிருபர்கள் முன் சொல்லும் நிலை வந்தது. பிறகு மட்டை மட்டும் பிடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். மே மாதம் முதல் பேஸில் நின்ற கசாஸுக்கு முழங்காலில் பலத்த அடி பட்டதும், முதல் பேஸில் நிற்க முடியுமா என்று அவரிடமே போய்க் கேட்டார்கள். மறுத்தார், வெளிப்படையாகக் கோபப்பட்டார். ஜூன் 15, ஞாயிறு. எங்கள் மைதானமான ஃபென்வேயில் யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்து வீடு திரும்பினால், டெவர்ஸை ஜயண்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி. 2018 சாம்பியன் அணியில் மிஞ்சியிருந்த கடைசி ஆள். சான் பிரான்சிஸ்கோ போனபின் அவர் முதல் பேஸில் நின்றார்.

டெவர்ஸ் மேலும் குறை உண்டு. அவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் அணி தவிக்கும்போது கையுறையை மாட்டியிருக்கலாம். ஆனால் முதல் மரியாதை காட்ட வேண்டியது நிர்வாகம். ஒருவரைக் கொண்டுவரும்போது, ஏற்கெனவே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்து யோசிக்காவிட்டால் அது பாதி வேலைதான்.

கேள்வி: மூக்கி பெட்ஸை இன்னும் மறக்கவில்லையா அக்கா?

மறக்கவில்லை. 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு ட்ரேட் செய்தோம். பதிலுக்கு வந்த மூவரில் இன்று எங்களிடம் இருப்பவர் கேட்சர் கானர் வாங் மட்டும். பெட்ஸ் அங்கே போய் 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பை வென்றுவிட்டார். நாமே எடுத்து வளர்த்த ஆளை, பணம் இருந்தும் விட்டோம். என் மகள் அவருடைய 50-ஆம் எண் சட்டையை இன்னும் வைத்திருக்கிறாள்.

கேள்வி: அக்கா, ஸ்கார்பரோவில் இருந்து கேட்கிறன். எங்கட டொரோண்டோ புளூ ஜேய்ஸை இந்த வருசம் ஒருத்தரும் கணக்கில எடுக்கேல்ல. நீங்கள் எடுத்தனீங்களோ?

இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 2024-இல் 74 வெற்றியோடு நம் பிரிவில் கடைசி இடம். சோட்டோவைத் துரத்தினீர்கள், கிடைக்கவில்லை. ஜப்பானிய பிட்சர் ரோகி சசாகிக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்று, வெளிநாட்டு இளம் வீரர்களுக்கான கிளீவ்லாந்தின் ஒதுக்கீட்டில் ஒரு பங்கைப் பெறுவதற்காக, அவர்களிடம் இருந்து மைல்ஸ் ஸ்ட்ராவை அவர் சம்பளச் சுமையோடு வாங்கினீர்கள். சசாகி டாட்ஜர்ஸுக்குப் போனார். அன்றைக்கு இங்கே எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அதே ஸ்ட்ரா அவுட்ஃபீல்டில் உங்களுக்கு எத்தனை ஆட்டத்தில் கைகொடுத்தார்!

ஏப்ரலில் விளாடிமிர் குரேரோவுக்கு 14 ஆண்டு, 50 கோடி. பாஸ்டன் பெட்ஸுக்குச் செய்யாததை நீங்கள் உங்கள் பிள்ளைக்குச் செய்தீர்கள். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாம் இன்னிங்ஸில், கோப்பைக்கு இன்னும் இரண்டே அவுட் பாக்கி இருக்கும்போது டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்தாரே, நான் சோபாவில் இருந்து எழுந்தே நின்றுவிட்டேன். நெஞ்சு வலித்தது உங்களுக்காக.

கேள்வி: டாட்ஜர்ஸ் பணத்தைக் கொட்டி ஆட்டத்தையே கெடுக்கிறார்கள், இல்லையா?

ஓட்டானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியை 2034-இல் இருந்துதான் கொடுக்கப் போகிறார்கள். விதிப்படி எந்த அணியும் இப்படிச் செய்யலாம். என் கோபம் செலவு செய்கிறவர்கள் மேல் இல்லை, சம்பாதித்தும் செலவு செய்யாத முதலாளிகள் மேல்தான். இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது. உச்சவரம்புச் சண்டை அப்போது வரும்.

கேள்வி: ரூல் 5 டிராஃப்ட் என்கிறார்களே, அது எதற்கு?

40 பேர் பட்டியலில் இடம் கொடுக்காமல் வைத்திருக்கும் பழைய மைனர் லீக் ஆட்களை வேறு அணி ஒரு லட்சம் டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆளைச் சீசன் முழுக்கப் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும். 2020 டிசம்பரில் யாங்கீஸிடம் இருந்து காரெட் விட்லாக்கை இப்படித்தான் எடுத்தோம். முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்தவர். இன்றும் எங்கள் புல்பென்னின் (ஆட்டத்தின் நடுவே மாற்றாக இறங்கும் பிட்சர்கள்) தூண்.

கேள்வி: இந்தச் சமயத்தில் வருகிற வதந்திகளை நம்பலாமா?

என் முதல் குளிர்காலத்தைச் சொல்கிறேன். 2003 அக்டோபரில் யாங்கீஸின் ஆரன் பூன் பதினோராம் இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன் எங்களை வீட்டுக்கு அனுப்பியது. டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் பாஸ்டனுக்கு வருகிறார் என்று பேச்சு முடிந்தே விட்டது. அவர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். வீரர்கள் சங்கம் அதை ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் நின்றுபோனது. ஜனவரியில் அதே பூன் கூடைப்பந்து ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். யாங்கீஸுக்கு மூன்றாம் பேஸ் காலி. பிப்ரவரியில் ரோட்ரிகஸ் அங்கே போய்விட்டார்! என் அலுவலகத்தில் அன்று துக்க வீடு மாதிரி இருந்தது.

ஆனால் நவம்பரிலேயே பிட்சர் கர்ட் ஷில்லிங்கை வாங்கியிருந்தோம். கீத் ஃபோக்கும் வந்திருந்தார். 2004-இல் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கி, நான்கையும் வென்று, 86 ஆண்டுக்குப் பின் கோப்பை எடுத்தோம். கடைசிப் பந்தை வீசியது ஃபோக். அதனால், பேச்சு முடிந்தது என்றாலும் கையெழுத்து ஆகும்வரை நான் நம்புவதில்லை. பெரிய பெயர் கை நழுவிப் போனால் அழுவதையும் நிறுத்திவிட்டேன்.

கேள்வி: சரி, இந்த 2025-26 குளிர்காலத்தில் பாஸ்டன் என்ன செய்ய வேண்டும்?

பிரெக்மன் விலகும் உரிமையைப் பயன்படுத்திவிட்டார். அவரை ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கொடுத்தாவது திரும்ப எடுக்க வேண்டும். க்ரோஷேக்குப் பின்னால் நம்பிக்கையான இரண்டாம் பிட்சர் வேண்டும். போன ஆண்டு வாக்கர் பியூலரை ஒரே ஆண்டுக்கு 2.105 கோடி கொடுத்து எடுத்தோம், ஆகஸ்டிலேயே விட வேண்டியதாயிற்று. அந்த மாதிரிச் சூதாட்டம் இந்த முறை வேண்டாம்.

அவுட்ஃபீல்டில் ஆண்டனி, ரஃபேலா, அப்ரேயு, டுரான் என்று நால்வர், இடம் மூன்று. ஒருவரை ட்ரேட் செய்யலாம். ஆண்டனியை மட்டும் தொடக் கூடாது. 13 கோடிக்கு எட்டு ஆண்டு கையெழுத்துப் போட்ட பிள்ளை அவர். யாரை மாற்றினாலும், மாற்றப்படுகிறவரிடம் முதலில் சொல்லட்டும், செய்தித்தாளில் படிக்க விடாமல்.

2025 டிசம்பரில் ஆர்லாண்டோவில் எல்லா அணிகளும் கூடுகின்றன. அதற்குள் ஏதாவது நகர்ந்தால் மறுபடி கேளுங்கள். பிப்ரவரியில் ஃபென்வேயில் இருந்து புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் பயிற்சி முகாமுக்குச் சாமான் லாரி கிளம்பும். பனி கொட்டினாலும் வழக்கம்போல் நானும் மகளும் தெருவோரம் நின்று கையசைப்போம்.