மக்கள் பெருகியும் கவுன்சிலர்கள் ஏன் அதே 111?

கேள்வி: நவி மும்பை நெரூலில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் செக்டரில் பழைய நாலு மாடிக் கட்டடங்களை இடித்துவிட்டு டவர் டவராக எழுப்புகிறார்கள். ஆனால் மாநகராட்சியில் 2015-லும் 111 கவுன்சிலர்கள், 2026 ஜனவரித் தேர்தலிலும் 111 பேர்தான். பக்கத்துத் தானேயில் 131. வாக்காளர் பட்டியலைக் காட்டி, எண்ணிக்கையை உயர்த்தச் சொல்லி வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம் ஐயா, ஆனால் நிற்காது. வாக்காளர் பட்டியல் இந்தக் கணக்கிலேயே வராது. அரசியல் சட்டத்தின் 243பி (243P) பிரிவில் ‘மக்கள்தொகை’ என்றால் கடைசியாக எண்ணிக்கை வெளியிடப்பட்ட சென்சஸில் உள்ள மக்கள்தொகை. அது இன்றுவரை 2011 சென்சஸ்தான். உங்கள் டவர்கள் சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் முளைக்கவே இல்லை.

அந்த 111 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மகாராஷ்டிர மாநகராட்சிச் சட்டத்தின் 5-வது பிரிவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட ஊருக்குக் குறைந்தது 65 பேர். 6 லட்சம் வரை ஒவ்வொரு 15,000 பேருக்கும் ஒருவர் கூடுவார். 6 லட்சத்தில் 85, அதற்குமேல் 20,000-க்கு ஒருவர். 12 லட்சத்தில் 115, அதற்குமேல் 40,000-க்கு ஒருவர். நவி மும்பையின் 2011 மக்கள்தொகை சுமார் 11.2 லட்சம். 6 லட்சத்துக்கு 85; மிச்சம் 5.2 லட்சத்தை 20,000-ஆல் வகுத்தால் 26. கூட்டினால் 111. தானேக்கு 18.41 லட்சம், அதனால் 115-உடன் 16 சேர்ந்து 131. பேனாவும் தாளும் போதும். இதில் யாருடைய தயவும் இல்லை.

ஊர் பெரிதாகப் பெரிதாக இந்தப் படி அகலமாகிக்கொண்டே போகும். உங்கள் ஊர் அடுத்த கணக்கில் 16 லட்சமாகவே இருந்தாலும் 125 பேர்தான் கிடைப்பார்கள். தானேயைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் வேண்டாம். அங்கே ஒரு கவுன்சிலருக்குச் சுமார் 14,000 பேர், உங்களுக்கு 10,000. புனேயில் 165 பேர் இருந்தும் தலைக்கு 21,000. மும்பைக்குத் தனிச் சட்டம். அதில் 227 என்று எண்ணையே எழுதிவைத்துவிட்டார்கள். அங்கே ஒருவருக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல்.

சரி, சென்சஸ் வராமல் எண்ணிக்கையைக் கூட்டவே முடியாதா? சட்டமன்றம் படிக்கட்டையே மாற்றினால் முடியும். 2021 கடைசியில் அப்படித்தான் செய்தார்கள். மக்கள் கூடியிருப்பார்கள் என்று சொல்லி எல்லா மாநகராட்சிகளிலும் இடங்களை உயர்த்தினார்கள். நவி மும்பைக்கு 122 என்று வார்டு எல்லைகூடப் போட்டாயிற்று. 2022-இல் ஆட்சி மாறியது, ஆகஸ்டில் எல்லாம் பழையபடி. மும்பையில் 236 ஆன எண் மறுபடி 227 ஆனதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொகுதி வரையறை, இட ஒதுக்கீடு பற்றிய சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க 243இசட்ஜி பிரிவும் குறுக்கே நிற்கிறது. ஏற்றியவர்களும் இறக்கியவர்களும் கையில் வைத்திருந்தது அதே 2011 கணக்குதான் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

அடுத்த சென்சஸுக்கு 2027 மார்ச் 1 குறிப்புத் தேதி. எண்ணி முடித்தால் மட்டும் போதாது, எண்ணிக்கை வெளியாக வேண்டும். அப்போதும் பதவிக்காலத்தின் நடுவில் இடங்கள் அதிகரிக்காது. அடுத்த பொதுத் தேர்தலில்தான் கூடும்.

வழக்குச் செலவை மிச்சம் பிடித்து வார்டு எல்லைகளின் வரைவு வெளியாகும் நாளுக்குக் காத்திருங்கள். உங்கள் ஊரில் 111 பேரும் 28 பிரபாகில், அதாவது பல கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கும் வார்டுகளில், அடங்குகிறார்கள். 27-இல் நாலு நாலு பேர், ஒன்றில் மூன்று பேர். மொத்த எண்ணிக்கையை நீங்கள் அசைக்க முடியாது, எல்லைக்கோட்டை அசைக்கலாம். வரைவு வந்ததும் ஆட்சேபணை கேட்பார்கள், அவகாசம் கொஞ்ச நாள்தான். உங்கள் ஹவுசிங் சொசைட்டி இரண்டு பிரபாகுக்கு நடுவே கூறு போடப்பட்டிருந்தாலோ, ஒரு பிரபாகில் கூட்டம் வழிந்து பக்கத்தில் காலியாகக் கிடந்தாலோ, சென்சஸ் பிளாக் (கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி) எண்களோடு, வரைபடம் இணைத்து எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்; விசாரணைக்குக் கூப்பிட்டால் செயலாளரை அனுப்பாமல் நீங்களே போங்கள்.